காய்ந்த பூவும் கறுப்பு பிரேமும்

ஆவடி மார்க்கெட் பக்கம் எனக்கு ஒரு பிரேம் கடை இருக்கிறது. சாமி படம், கல்யாண போட்டோ, பிள்ளைகள் வாங்கிய பட்டம், இறந்தவர் படம் எல்லாம் வரும். எது வந்தாலும் நாலு பக்கம் கட்டை, முன்னால் கண்ணாடி, பின்னால் அட்டை. வேலை ஒன்றுதான். கொண்டுவருபவர் முகம்தான் வேறு.

இறந்தவர் படத்தோடு வருபவர்கள் அதிகம் பேச மாட்டார்கள். எனக்கு அது சௌகரியம். படத்தை நீட்டுவார்கள். எப்போது வேண்டும் என்பேன். காரியத்துக்குள் என்பார்கள். அவ்வளவுதான். கல்யாண போட்டோவோடு வருபவர்கள்தான் எந்தக் கட்டை போடுவது என்று கடையிலேயே நின்று சண்டை போடுவார்கள்.

என் பெண்டாட்டி நிறையப் பேசுவாள். என் பங்கையும் சேர்த்துப் பேசுவாள். கல்யாணமான நாளிலிருந்து இந்த ஏற்பாடு ஒழுங்காக நடந்துவருகிறது.

மகளை ஈரோட்டுக்காரர்கள் வீட்டில் கொடுத்தோம். மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. சம்பந்தி ஈரோட்டிலேயே கடை வைத்திருக்கிறார். சம்பந்தியம்மாவும் அவருடைய மாமனாரும் மாப்பிள்ளையோடு இங்கே இருக்கிறார்கள். நிச்சயத்தன்று சம்பந்தியம்மா என் பெண்டாட்டியிடம் மரியாதையாகத்தான் கேட்டார்.

"ஏனுங் சம்பந்தி, கடைன்னு சொன்னீங்ளே, சாமி படக் கடைங்ளா, இல்ல செத்தவங்க போட்டோ போடற கடைங்ளா?"

"ரெண்டும்தான்" என்றேன். உள்ளதைச் சொன்னேன்.

"அப்படீங்ளா" என்று அவர் சேலைத் தலைப்பைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டாராம். என் பெண்டாட்டி பார்த்துவிட்டாள். நான் பார்க்கவில்லை. லட்டு தின்றுகொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தாள்.

"அந்தம்மா நம்மள சாவூட்டுக்காரங்க மாதிரி பாக்குது. சாமி படம்னு சொல்லிட்டு நிறுத்தியிருந்தா இன்னாயா உனுக்கு? வாய் வலிக்குமா?"

"கேட்டாங்க."

"கேட்டா சொல்லிடுவியா?"

கேட்டால் சொல்லத்தானே வேண்டும்.

மகள் போனபிறகு வீடு காலியாகிவிட்டது. என் பெண்டாட்டிக்குப் பேச ஆள் இல்லை. நான் இருந்தேன், ஆனால் அது கணக்கில் வராது. போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் பூவைப் புத்தகத்துக்குள் வைத்து அமுக்கிக் காயவைத்து, அட்டையில் ஒட்டி, கண்ணாடி போட்டு மாட்டிக்கொண்டிருந்தாள். சருகு, விதை, புல், பறவை இறகு என்று கீழே கிடப்பதையெல்லாம் கூடவே ஒட்டினாள்.

"நம்ம கிட்ட கண்ணாடி கீது, கட்ட கீது. பூ மட்டும்தான் வேணும்" என்றாள்.

"ம்" என்றேன். அது தப்பாகப் போயிற்று. சரி என்று எடுத்துக்கொண்டாள்.

புத்தகம் எங்கள் வீட்டில் கிடையாது. அதனால் கடையில் இருக்கும் கண்ணாடி அடுக்குக்குள் பூவை வைத்தாள். பாரத்துக்குக் குறைவில்லை. முதலில் செய்தித்தாளில் மடித்து வைத்தாள். லில்லி இதழில் பாதி நகை விளம்பரம் ஒட்டிக்கொண்டு வந்தது. செம்பருத்தி தாளோடு தாளாகப் பிடித்துக்கொண்டு கருநீலத்தில் கிழிந்தது. மல்லிகை டீக் கறை நிறத்துக்குப் போனது. பக்கத்துத் தெருக் கோயிலில் விழுந்த நாகலிங்கப் பூவை வைத்து மேலே அடுக்கை ஏற்றினாள். பூ அப்படியே இருந்தது. கண்ணாடி உடைந்தது.

ரோஜாவை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துப் பார்த்தாள். ரோஜா போய்விட்டது. என் வெள்ளைச் சட்டை முதுகில் ஒரு பழுப்பு ரோஜா வந்தது. அந்தச் சட்டையை இன்னும் போடுகிறேன். முதுகு எனக்குத் தெரியப்போவதில்லை.

மெல்ல மெல்லப் பிடிபட்டது. காகிதப்பூ நிறம் மாறாது, அது பிறக்கும்போதே காய்ந்த மாதிரிதான் பிறக்கிறது. சங்குப்பூ நீலமாகவே நிற்கும். கொன்றை மஞ்சள் கொஞ்சம் மங்கும், ஆனால் போகாது. அரச இலையைத் தண்ணீரில் ஊறப்போட்டால் சதை அழுகி நரம்பு மட்டும் வலை மாதிரி வரும். வாளித் தண்ணீர் நாறும். அந்த வாளியைத்தான் நான் குளிக்க எடுத்தேன்.

பூ பொறுக்க அவள் போகாத இடமில்லை. தங்கச்சியைப் பார்க்க வேப்பம்பட்டு போனால் ஸ்டேஷன் ஓரத்துப் புல்லைப் பறித்துக்கொண்டு வருவாள். பேக்டரி குவார்ட்டர்ஸ் பக்கம் பெரிய மரங்கள் உண்டு. அங்கே ஒரு நாள் மதில் ஓரமாகக் குனிந்து பையில் போட்டுக்கொண்டிருந்தாள். கேட்டில் நின்ற காவல்காரர் வந்துவிட்டார். எனக்குப் போன் வந்தது. போனேன்.

"இன்னா பை இது? இன்னா கீது உள்ள?" என்று அவர் என்னைக் கேட்டார்.

"காஞ்ச காய்."

"எதுக்கு?"

"கண்ணாடி போட."

அவருக்குச் சந்தேகம் அதிகமாகிவிட்டது. என் பெண்டாட்டி விளக்கம் சொல்வதற்காகப் பையிலிருந்து ஒரு வாகைக் காயை எடுத்து அவர் முகத்துக்கு நேரே ஆட்டினாள். காய்ந்த வாகைக் காய் கிலுகிலுவென்று சத்தம் போடும். அவர் நாலு அடி பின்னால் போனார். பிறகு அவருக்கே வெட்கமாகி, "எடுத்துக்கினு போம்மா. இந்தப் பக்கம் வராத" என்றார். மறு வாரமும் போனாள்.

கடையில் ஒரு சிக்கல் நடந்தது. பட்டாபிராமிலிருந்து ஒரு அம்மா அம்மன் படம் வாங்கிப் போயிருந்தார். திரும்பி வந்தார். ஏதோ குறை என்று நினைத்தேன்.

"அண்ணே, எங்க ஊட்டு நெலம் விஷயமா மனசுல ஒண்ணு நெனச்சிகினு படத்த மாட்டினேன். நிமிந்து பாக்கறேன், காலடில பூ. கண்ணாடிக்கு உள்ள, அண்ணே."

போய்ப் பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. சிவப்புப் புடவை அம்மன். சிவப்பு அரளி இதழ். அடுக்கிலிருந்து எடுத்த கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. என் கண்ணில் படவில்லை.

"அது எங்க ஊட்ல காயப்போட்ட பூம்மா" என்றேன்.

"அப்டி சொல்லாதீங்க."

"அரளி. கண்ணாடி அடுக்குல வச்சிருந்தா."

"சொல்லாதீங்கன்றேன்ல. நெலம் முடிஞ்சிடுச்சி."

பிறகு அவர் சொந்தக்காரர்கள் வந்து பூ விழுகிற படம் இருக்கிறதா என்று கேட்டார்கள். அவர்களிடமும் உள்ளதைச் சொன்னேன். கோபித்துக்கொண்டு போனார்கள்.

"நீ ஒரு ஆளுயா" என்றாள் என் பெண்டாட்டி. "வர்ற சாமியையும் தொரத்தி வுடற."

இப்படி இருக்கும்போது மாப்பிள்ளை ஐயப்பன்தாங்கலில் பிளாட் வாங்கினார். கிரகப்பிரவேசத்துக்கு அழைப்பு வந்தது. எல்லோரும் குத்துவிளக்கு, பாத்திரம் என்று யோசித்தால் இவள் வேறு யோசித்தாள்.

"என் கையால செஞ்ச பூப்படம் ஒண்ணு குடுக்கப் போறேன். அத அந்தம்மா அவுங்க ஹால்ல மாட்டணும். வர்றவங்க எல்லாம் யார் செஞ்சதுன்னு கேக்கணும். அந்தம்மா வாயால எங்க சம்பந்தி செஞ்சதுன்னு சொல்லணும். எனுக்கு அவ்ளோதான்யா வேணும்."

அவ்வளவுதான் என்றாள். நிச்சயத்தன்று நகர்ந்த சேலைத் தலைப்பு இன்னும் அவள் கண்ணுக்குள்ளேயே இருந்தது எனக்குத் தெரிந்தது. பாத்திரம் வாங்கலாம் என்று நான் சொல்லவில்லை.

படம் நன்றாகத்தான் வந்தது. போனில் பார்த்த மாதிரி வட்டமாக ஒட்டினாள். அரச இலை நரம்பு சுற்றிலும். அதன் மேல் சங்குப்பூ, கொன்றை, காகிதப்பூ. இடையிடையே வேப்பம்பட்டுப் புல். மல்லிகை பழுப்பாகிவிட்டது என்றாலும் விட மனமில்லாமல் ஒரு கொத்து வைத்தாள். கீழே வாகைக் காய் இரண்டு, வில் மாதிரி. நடுவில் வெள்ளை அட்டை காலி.

"நடுவுல?" என்றேன்.

"அப்டியேதான் வுடணும். அதான் அழகு. அந்த வெள்ளக்காரி வுட்டா."

கட்டை என் பொறுப்பு. கடையில் இருப்பதில் நல்ல கட்டை எடுத்தேன். கறுப்பு, உள் ஓரத்தில் தங்கக் கோடு. அதுதான் அதிகம் போகும். மூலை நாலும் மயிரிழை இடைவெளி இல்லாமல் சேர்த்தேன். அட்டை அடித்தேன், டேப் ஒட்டினேன். மேல் கட்டையில் இரண்டு ஓரத்திலும் கொக்கி திருகினேன். நடுவில் சின்ன பல்புக்கு ஹோல்டர் வைத்து வயர் இழுத்தேன். என் பெண்டாட்டி பார்த்தாள்.

"லைட்டு வேற வச்சிகிறியா?" என்று முகம் மலர்ந்து கேட்டாள்.

"ம்" என்றேன். வைத்ததை அப்போதுதான் நானும் பார்த்தேன். அவளுக்குப் பிடித்திருந்ததால் விட்டுவிட்டேன்.

கிரகப்பிரவேசத்தன்று காலையில் படத்தை அவளுடைய பழைய புடவையில் சுற்றிப் பூந்தமல்லி பஸ்ஸில் ஏறினோம். கூட்டம். புடவை ஒரு மூலையில் விலகி கறுப்புக் கட்டை தெரிந்தது. வயரும் தொங்கியது. உட்கார்ந்திருந்த ஒரு பையன் சட்டென்று எழுந்தான்.

"உக்காருங்கம்மா. எப்போம்மா?"

"இன்னைக்குத்தாம்பா. பத்து மணிக்குள்ள போயாவணும்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். இறங்கும்போது, "தைரியமா இருங்கம்மா" என்றான்.

"நான் சம்பந்தியம்மாவ பாக்கப் போறேன்னு இவனுக்கு எப்டியா தெரிஞ்சிது?" என்று என்னைக் கேட்டாள்.

எனக்கும் புரியவில்லை.

பிளாட்டில் ஹால் நிறைய ஆட்கள். பாதி ஈரோடு, பாதி மாப்பிள்ளையின் கம்பெனி. சம்பந்தியம்மா, "வாங்க சம்பந்தி, வாங்க" என்று கையைப் பிடித்து அழைத்தார். சம்பந்தியம்மாவின் மாமனார் சுவர் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் பாயசம் குடித்துக்கொண்டிருந்தார். என் பெண்டாட்டி நேரம் பார்க்கவில்லை. எல்லோர் முன்னாலும் புடவையை உருவிப் படத்தைத் தூக்கிப் பிடித்தாள்.

ஹால் அமைதியாகிவிட்டது. சமையல்காரர் மட்டும் கரண்டியைத் தட்டிக்கொண்டிருந்தார். அவரும் எட்டிப் பார்த்து நிறுத்தினார்.

"பூவெல்லா நல்லாருக்குதுங்" என்றார் சம்பந்தியம்மா. பிறகு மெல்லக் கேட்டார். "நடுவுல யாருங் சம்பந்தி?"

"யாரும் இல்ல. காலிதான்."

"இனிமேட்டுக்கு வெக்கறதுங்ளா?"

ஹாலில் இருந்த எல்லோர் கண்ணும் ஒன்றன்பின் ஒன்றாகச் சுவர் ஓரத்து நாற்காலிக்குப் போனது. பெரியவர் பாயச டம்ளரை இறக்கினார். படத்தைப் பார்த்தார். எல்லோரையும் பார்த்தார்.

"எனக்குங்ளா?" என்றார்.

மாப்பிள்ளை நல்ல பையன். எப்படியாவது நிலைமையைச் சரிசெய்ய வேண்டும் என்று, "லைட்டெல்லாம் இருக்கு பாருங்க தாத்தா" என்று வயரை எடுத்துச் சொருகினார்.

சிவப்பு பல்பு எரிந்தது.

அப்போதுதான் நான் அந்தப் படத்தைப் பார்த்தேன். அதுவரை மூலையைத்தான் பார்த்திருந்தேன். கறுப்புக் கட்டை, தங்கக் கோடு. அது ஏன் கடையில் அதிகம் போகிறது என்று எனக்குத் தெரியாததா? மேலே மாலை மாட்ட இரண்டு கொக்கி. நடுவில் பல்பு. சுற்றிலும் பூ. முகம் ஒன்றுதான் பாக்கி. இத்தனை வருடமாக அந்தக் கட்டையை எடுத்தால் கை தானாகக் கொக்கிக்கும் ஹோல்டருக்கும் போய்விடும். யாருக்கு, எதற்கு என்று கை கேட்பதில்லை.

சாப்பிட்டோம். சாம்பார் நன்றாக இருந்தது. யாரும் எங்கள் பக்கத்தில் அதிக நேரம் உட்காரவில்லை.

திரும்பும்போது பூந்தமல்லி வரை என் பெண்டாட்டி பேசவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. ஆவடி பஸ் ஏறியபிறகு கேட்டாள்.

"கொக்கி எதுக்குயா போட்ட?"

"பழக்கம்."

"பல்பு?"

"பழக்கம்."

"நான் சரம் கட்டற மாதிரி பாத்துப் பாத்து ஒட்டினேன்யா. நீ அத சாவு படம் ஆக்கிட்ட."

"நடுவுல காலியா வுட்டது நீ."

அது நான் சொல்லியிருக்க வேண்டாம். பட்டாபிராம் தாண்டிக்கூடக் கேட்டிருக்கும் அவள் பேசியது. பேச ஆரம்பித்ததில் எனக்கு ஒரு நிம்மதி.

மகள் போன் செய்தாள். படம் பரணில் இருப்பதாகச் சொன்னாள். கிரைண்டர் பெட்டிக்குப் பின்னால். அத்தை எதுவும் திட்டவில்லை, மரியாதையாகத்தான் ஏற்றி வைத்தார் என்றாள். என் பெண்டாட்டி அதன் பிறகு பூப் பொறுக்கப் போகவில்லை. கண்ணாடி அடுக்குக்குள் இருந்த காகிதங்களையெல்லாம் உருவிப் பழைய பேப்பர்காரனிடம் போட்டாள். கடை எனக்குத் திரும்பக் கிடைத்தது. என்றாலும் கண்ணாடியை எடுக்கும்போது பூ இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிற பழக்கம் போகவில்லை.

ஒரு நாள் முற்பகல். ஆட்டோகூட வைக்காமல் சம்பந்தி வீட்டுப் பெரியவர் கடைக்கு நடந்து வந்துகொண்டிருந்தார். அக்குளில் வேட்டியில் சுற்றிய பெரிய சதுரம். வாங்கி வைத்தேன். ஸ்டூலில் உட்காரவைத்து டீ சொன்னேன்.

"பரணில இருந்து எப்படிங்க எடுத்தீங்க?"

"வாட்ச்மேன ஏறச் சொன்னனுங். மருமவ கோயலுக்குப் போயிருக்கறா." டீயை ஆற்றினார். "பஸ்ல ஒரு சிரமமுமில்லீங் சம்பந்தி. ஏறுன பஸ்ல எல்லாம் எந்திரிச்சு எடம் குடுத்தாங்க. ஒரு புள்ள எனக்குத் தண்ணி பாட்டலே குடுத்துருச்சு. நல்ல பிரேமுங்."

வேட்டியைப் பிரித்தேன்.

"இதுல போட்டோ வெக்கோணும்" என்றார்.

"யாரோடதுங்க?"

"என்றதுதான்."

டீக் கிளாஸை வாங்கிக் கீழே வைத்தேன். இருக்கிறவர் படத்தை இந்தப் பிரேமில் நான் போட்டதில்லை. சொன்னேன்.

"கேளுங் சம்பந்தி. என்ற ஊட்டுக்காரி போனப்ப வீட்ல ஒரு நல்ல போட்டோ இல்லீங். ஓட்டுப் போடற கார்டுல இருந்தத பெருசு பண்ணி மாட்டிப்போட்டாங்க. நீங்க பாத்துருக்கறீங்ளே. போலீசு புடிச்சுட்டுப் போற மாதிரி நிக்கறா. தெனம் எந்திரிச்சா அந்த மூஞ்சிதானுங். அவ அப்படி ஒரு நாளும் பாத்தவ இல்ல. எனக்கும் நாளைக்கு அந்தக் கார்டத்தான் எடுப்பாங்க. என்ற கார்டுல நா தும்மறதுக்கு முந்தி நிக்கறனுங்."

சட்டைப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்தார். உள்ளே ஸ்டுடியோ போட்டோ. அவரும் அவர் மனைவியும். பின்னால் திரையில் வரைந்த அருவி. அந்தம்மா வாயை மூடிக்கொண்டு சிரிப்பை அடக்குகிறார். இவர் எதற்கோ அவரைத் திரும்பிப் பார்க்கப் போய் பாதியில் நிற்கிறார்.

"நல்லா இருக்கு" என்றேன். நான் போட்டோ பார்த்துச் சொல்வதில்லை. சொல்லிவிட்டேன்.

அந்த நேரம் என் பெண்டாட்டி சாப்பாட்டுக் கூடையோடு வந்தாள். பெரியவரைப் பார்த்ததும் முந்தானையைச் சரிசெய்தாள். பிறகு படத்தைப் பார்த்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் கூடையைக் கீழே வைக்கவில்லை.

"தாத்தா, தப்பா நெனக்காதீங்க. என் பூவ நான் செத்தவங்களுக்குன்னு செய்யல. இந்த மனுஷன் கை அப்டி பண்ணிடுச்சி."

"செத்தது அவ மட்டுந்தானம்மிணி. நா இருக்கறனே" என்றார் பெரியவர். "பாதிக்குப் பாதின்னு வெச்சுக்க."

அவள் போட்டோவை வாங்கிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஹால்ல மாட்டுவீங்களா? இல்ல மறுபடி கிரைண்டர் பின்னாடியா?"

"ஹால்லதான்."

"சம்பந்தியம்மா?"

"அவளோட மாமியா படம். வேண்டாம்னு சொல்லிருவாளா? அந்தப் போலீசு போட்டோ அவளுக்கும் புடிக்காது. கும்புடறப்பக் கண்ண மூடிக்குவா. நா பாத்துருக்கறேன்."

என் பெண்டாட்டி கூடையைக் கீழே வைத்தாள். "பிரி" என்றாள் என்னிடம்.

பக்கத்துக் கடையில் போட்டோவை அளவுக்குப் பெரிதுபண்ணிக் கொண்டுவந்தேன். டேப்பைக் கிழித்து, ஆணி பிடுங்கி, அட்டையைத் திறந்தேன். மல்லிகைக் கொத்து இன்னும் பழுப்பாகியிருந்தது. அதை எடுத்துவிட்டு வேறு வைக்கிறேன் என்றாள் அவள்.

"இருக்கட்டும்மிணி. அவளுக்கு மல்லிதான் உசுரு. அவ பக்கமா ஒட்டிரு" என்றார்.

அப்படியே நகர்த்தி ஒட்டினாள். போட்டோ நடுவில் சரியாக உட்கார்ந்தது. அந்த இடம் அதற்கென்றே விட்டது மாதிரி இருந்தது. என் பெண்டாட்டியும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கீழ தோற்றம், மறைவுன்னு எழுதுவீங்ளே" என்றார் பெரியவர். "அவளுக்கு ரெண்டும் எழுதீருங். எனக்குத் தோற்றம் மட்டும் போட்டு, மறைவுக்குக் கொஞ்சம் எடம் உட்டுருங்."

"காலி இடமெல்லாம் விட வேணாங்க" என்றேன். "ஏற்கெனவே ஒரு தடவை விட்டு ஆயிடுச்சு."

என் பெண்டாட்டி முறைத்தாள். பெரியவர் சிரித்ததில் ஸ்டூல் ஆடியது. எழுத்தே வேண்டாம் என்று முடிவானது.

அதற்குள் சம்பந்தியம்மா போன். கோயிலிலிருந்து வந்து நாற்காலி காலியாக இருப்பதைப் பார்த்திருக்கிறார். பரணும் காலி. வாட்ச்மேன் சொல்லிவிட்டான். என் பெண்டாட்டி ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏனுங் சம்பந்தி, மாமா அங்கெங்ளா இருக்கறாரு?"

"தோ, டீ சாப்ட்டுகினு கீறாரு."

"அந்தப் படத்துல அவுரு போட்டோவ வெக்கறதா வாட்ச்மேன்கிட்டச் சொல்லிட்டு வந்தாராமே."

"ரெண்டு பேரோடதும். உங்க அத்தையோட நல்ல போட்டோ ஒண்ணு வச்சிகினு இருந்திருக்காரு."

போனில் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது.

"அத்தை சிரிக்கறாங்ளா அதுல?"

"அடக்கிக்கினு கீறாங்க."

"ஆமாங். அப்படித்தான் இருப்பாங்க." பிறகு குரலை இறக்கினார். "எல்லாஞ் சரிங் சம்பந்தி. ஆனா மாலை போட்டா மாமா மேலயும் சேந்து விழுந்துருமேங். உசுரோட இருக்கறவருக்கு மாலை போட்ட படம் ஆகுமுங்ளா?"

என் பெண்டாட்டி என்னைப் பார்த்தாள். பெரியவரும் பார்த்தார். நான் திருப்புளியை எடுத்தேன். பெரியவர் பக்கத்துக் கொக்கியைக் கழற்றினேன். பல்பு ஹோல்டரைப் பிடுங்கி அந்தம்மா பக்கத்து மூலைக்கு மாற்றினேன்.

"ஒரு கொக்கிதான் இருக்குதுன்னு சொல்லு" என்றேன்.

"ஒரு கொக்கிதான் கீதாம்" என்றாள். "அத்த பக்கம் மட்டும் சரம் தொங்கும். தாத்தா பக்கம் வராது."

"அப்படிச் செய்யலாமுங்ளா?"

"எங்கூட்டுக்காரரு செய்யறாரு."

அதை அவள் சொன்ன விதம் எனக்குப் பிடித்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஐயப்பன்தாங்கல் போனோம். ஓட்டு கார்டு போட்டோவை மாப்பிள்ளை இறக்கினார். அதே ஆணியில் இதை மாட்டினேன். சோபாவுக்கு நேர் எதிரே. கதவைத் திறந்தால் முதலில் கண்ணில் படுகிற இடம். பெரியவர் நாற்காலியை அதன் கீழேயே போட்டுக்கொண்டார்.

சம்பந்தியம்மா படத்தின் முன்னால் நின்றார். கண்ணை மூடவில்லை. குங்குமச் சிமிழை எடுத்துவந்து விரலால் தொட்டு, கண்ணாடியின் மேல் மாமியார் நெற்றியில் பொட்டு வைத்தார். மறுபடி சிமிழில் விரலைத் தொட்டார். கை நேராகப் பெரியவர் நெற்றிக்குப் போனது.

"பாத்து, பாத்து" என்றார் கீழேயிருந்து பெரியவர்.

கை காற்றில் நின்றுவிட்டது. சம்பந்தியம்மா தன் விரலைப் பார்த்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார்.

"பழக்கமுங்" என்றார்.

"எனக்கும் அதுதாங்க" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். அதுவரை அவர் பல்லை நான் பார்த்ததில்லை. அந்தக் குங்குமத்தை வீணாக்காமல் என் பெண்டாட்டி நெற்றியில் வைத்தார். அவள் உடனே பேச ஆரம்பித்தாள். சங்குப்பூ எங்கே கிடைத்தது, அரச இலையை எப்படி ஊறவைப்பது, காவல்காரர் எப்படிப் பின்னால் போனார் என்று எல்லாம். சம்பந்தியம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய சேலைத் தலைப்பு என் பெண்டாட்டி மடிமேல் கிடந்தது. இந்தத் தடவை நானும் பார்த்தேன்.

மகள் சொல்கிறாள், புதிதாக வருபவர்கள் வாசலிலேயே நின்றுவிடுகிறார்களாம். படத்தைப் பார்ப்பார்கள். ஒரு பக்கம் மட்டும் பூச்சரம். கீழே நாற்காலியில் அதே முகம். ஒருவர், "பெரியவர் எப்போங்க?" என்று கேட்டேவிட்டாராம். "இன்னுமில்லீங்" என்று இவரே பதில் சொல்லியிருக்கிறார். அதன் பிறகு பேச்சை மாற்ற எல்லோரும் படத்தில் இருக்கும் பூவைப் பற்றிக் கேட்பார்களாம். எங்க சம்பந்தி கையால செஞ்சதுங் என்று சம்பந்தியம்மா சொல்வாராம்.

என் பெண்டாட்டி மறுபடி கண்ணாடி அடுக்குக்குள் பூ வைக்கிறாள். சம்பந்தியம்மாவின் தங்கை ஒரு படம் கேட்டிருக்கிறார். நடுவில் காலி விடக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். கட்டையை இந்த முறை அவளே எடுத்தாள். வெளிர் மஞ்சள். நான் ஆணி அடிக்கும்போது பக்கத்திலேயே நின்று என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குக் கழற்றிய கொக்கியை, தனக்கு ஒரு நாள் வேண்டியிருக்கும் என்று பெரியவர் பத்திரமாக வைக்கச் சொன்னார். டிராயரில் போட்டேன். அதில் கொக்கி நிறையக் கிடக்கிறது. எது அது என்று இப்போது தெரியாது. எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கின்றன.